தகடாக வளர்ப்பதில்தான் சவால்
உலோக நானோ தகடுகள் (சில அணு அடுக்குகளே தடிமனுள்ள மெல்லிய தகடுகள்) பற்றிய உங்கள் கட்டுரை, தடிமன் குறையக் குறைய மேற்பரப்பு அணுக்களின் பங்கு கூடும், வினையூக்கம் (வேதிவினையை விரைவுபடுத்தும் திறன்) பெருகும் என்று சொல்வது சரி. ஆனால் உலோகத்தை நானோ தகடாக வளர்ப்பதுதான் பெரும்பாடு. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! கிராஃபைட் இயல்பிலேயே அடுக்கடுக்கானது, உரித்தெடுக்கலாம். உலோக அணுக்களோ எல்லாத் திசையிலும் பிணைந்து திரளவே பார்க்கும். 2011-இல் சீனாவின் சியாமென் பல்கலைக்கழகக் குழு இதற்குக் கார்பன் மோனாக்சைடைப் பயன்படுத்தியது. பல்லேடியம் என்ற உலோகத்தின் தட்டையான முகங்களை அது இறுகப் பற்றி, அந்தத் திசையில் வளர்ச்சியைத் தடுத்தது. பக்கவாட்டில் மட்டும் வளர்ந்து, பத்து அணு அடுக்குக்கும் குறைவான அறுகோணத் தகடுகள் கிடைத்தன. என்ன அழகான வேதியியல்!

இப்படி ஒட்டும் மூலக்கூறுகள் மேற்பரப்பிலேயே தங்கிவிட்டால் வினைக்கு இடமிருக்காது. நீக்கினால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. இதையும் விரிவாக எழுதுங்கள்.