"வேண்டாம்" என்று சொல்ல விடுகிற கடல்

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் தம்பி ஒருவர் ஆண்டுதோறும் மே மாதம் பிறந்ததும் எனக்கு ஒரே கேள்வியை அனுப்புவார். "அண்ணா, ஏழு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. எங்கே போய் டைவ் செய்யலாம்? மாலத்தீவா, சான்சிபாரா, மொரிசியஸா?" டைவ் என்றால் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவது. அதில் அவர் புதியவர் அல்ல. இருநூறு டைவ்களுக்கு மேல் முடித்தவர். மூச்சுவிடச் சொந்த ரெகுலேட்டர், ஆழமும் நேரமும் கணக்கிடச் சொந்த டைவ் கம்ப்யூட்டர், ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த நைட்ராக்ஸ் காற்றுக்கான சான்றிதழ் எல்லாம் உண்டு. வழிகாட்டி கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர் இல்லை. அவரைப் போன்றவர்கள் என் நட்புப் பட்டியலில் இன்னும் சிலர் இருப்பதால், இந்த ஆண்டு பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர்களுக்குப் போவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். நீங்கள் போகிற இடத்தில், காலையில் எழுந்து கடலைப் பார்த்துவிட்டு "இன்று நான் இறங்கவில்லை" என்று சொன்னால் உங்களுக்கு என்ன நட்டம்? ஒரு டைவா, ஓராண்டுச் சேமிப்பா? அடிக்கடி டைவ் செய்கிறவருக்கு நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல் இதுதான். சுறா எத்தனை, பவளம் என்ன நிறம், தண்ணீர் எத்தனை மீட்டர் தெளிவு என்பதெல்லாம் பிறகு.

ஆறு மாதம் காத்திருந்து, விமானத்துக்கும் படகுக்கும் முன்பணம் கட்டிவிட்டுப் போகிறவர் மூக்கில் சளி அடைத்திருந்தாலும் இறங்குவார். முந்தைய இரவு தூக்கம் இல்லாவிட்டாலும் இறங்குவார். கடல் கொந்தளிப்பைப் பார்த்து வயிறு கலங்கினாலும், போட்ட பணம் வீணாகக் கூடாதே என்று இறங்குவார். நானும் இறங்கியிருக்கிறேன். கடலுக்குள் நான் எடுத்த தவறான முடிவுகளில் பாதி, கரையில் பணம் கட்டிய அன்றே எடுக்கப்பட்டவை.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே ஷெல்லி பீச் கரையிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தள்ளி புரோட்டியா பேங்க்ஸ் என்ற கடலடிப் பாறை இருக்கிறது. பாறையின் உச்சியே ஏறக்குறைய 27 மீட்டர் ஆழத்தில்தான் தொடங்கும். சாம்பெசி சுறாவும் சுத்தியல் தலைச் சுறாவும் வரும் இடம், நீரோட்டம் முரட்டுத்தனமானது. நானும், கடலுக்குள் எப்போதும் என்னோடு சேர்ந்து இறங்கும் என் டைவ் இணையும் போயிருந்தோம். அவர் டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஆசிரியை. என்னை அண்ணா என்று கூப்பிடுவார். படகிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் சாய்ந்து விழுந்து நேராகக் கீழே போக வேண்டும். அன்று ஓட்டம் எதிர்பார்த்ததைவிட வேகம். பாறை கண்ணில் படவே இல்லை. சுற்றிலும் நீலம் மட்டும். 20 மீட்டர் தாண்டியதும் அவர் என் முன்னால் வந்து கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினார். முடித்துக்கொள்வோம் என்று பொருள். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு: யார் காட்டினாலும் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. படகுக்கு அடையாளமாக மிதவையை மேலே விட்டு, உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, மெதுவாக ஏறினோம்.

படகில் ஏறியதும் அதை ஓட்டியவர் எல்லோர் முன்னிலையிலும் அவரைத் திட்டினார். வரத் தகுதியில்லாதவர்கள் ஏன் வருகிறீர்கள் என்றார். அன்றைய இரண்டாவது டைவில் எங்களுக்கு இடம் தரவில்லை, பணமும் திரும்பவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை அங்கே அழைத்துப்போனவன் நான். சரியான முடிவை எடுத்த ஒருவரைத் தலைகுனிய வைத்த இடத்துக்கு நான் திரும்பிப் போகவில்லை. அங்கே சுறா மலிவாகக் கிடைத்தாலும் போக மாட்டேன்.

என் இணையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1860-இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழி வந்தவர். அவர் அப்பா டர்பனிலேயே பிறந்து, டர்பன் கடற்கரையில் கால் நனைக்க முடியாமல் வளர்ந்தார். 1953-இல் வந்த தனித்தனி வசதிகள் சட்டம் எந்தக் கடற்கரையில் யார் குளிக்கலாம் என்று பலகை வைத்துப் பிரித்தது. அந்தச் சட்டம் நீங்கியது 1990-இல். குளிர்காலத்தில் சாளை மீன் கூட்டம் வரும்போது கரைவலை இழுத்த இந்தியக் குடும்பங்கள் இதே டர்பனில் தலைமுறை தலைமுறையாக இருந்தன. ஆனால் அவர் வீட்டில் யாருக்கும் நீந்தத் தெரியாது. அவர் நீச்சல் கற்றுக்கொண்டது முப்பது வயதுக்குப் பிறகு. இப்போது ஒரு பருவத்துக்கு நாற்பது தடவை கடலுக்குள் போகிறார். "எங்கேயாவது தீவுக்குப் போகலாமா?" என்று நான் கேட்டால், "முதலில் என் வீட்டுக் கடலைப் பார்த்து முடிக்கிறேன் அண்ணா" என்பார்.

அந்த வீட்டுக் கடல் உம்கோமாஸ். டர்பனிலிருந்து தெற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கரைக்கு ஐந்து கிலோமீட்டர் வெளியே அலிவால் ஷோல் என்ற பாறைத் திட்டு. ஒரு காலத்தில் மணற்குன்றாக இருந்து கல்லாகிப்போனது. 1849-இல் அதில் மோதாமல் மயிரிழையில் தப்பிய கப்பலின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. நான் தூத்துக்குடிக்காரன், எங்கள் பக்கம் கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்போம், முத்துச்சிப்பி விளைந்தால் முத்துப்பார். அதனால் எனக்கு இது அலிவால் பார்.

இங்கே கரையிலிருந்து நீந்திப் போய் டைவ் செய்ய முடியாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யார் எவ்வளவு சுதந்திரமானவராக இருந்தாலும் ரப்பர்ப் படகும் அதை ஓட்டுகிறவரும் வேண்டும். சிலிண்டர்களைப் படகின் நடுவில் கட்டிவிட்டு, உயிர்காப்பு உடை போட்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் இருக்கும் பட்டைக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். ஆற்று முகத்தின் பழுப்புத் தண்ணீரில் படகு வட்டமடிக்கும். ஓட்டுநர் பேச மாட்டார். உடைகிற அலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும். என் இணையின் விரல்கள் கயிற்றில் வெளுத்திருக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படித்தான். பெரிய அலைகள் ஓய்ந்து ஓர் இடைவெளி விழும். அந்தக் கணத்தில் இரண்டு எஞ்சின்களும் உறுமும். திரும்பும்போது படகை முழு வேகத்தில் மணலில் ஏற்றி நிறுத்துவார்கள். பிடி தளர்ந்தால் முன்னால் இருப்பவர் முதுகில் போய் மோதுவீர்கள்.

நாங்கள் வழக்கமாகப் போகும் படகின் ஓட்டுநர் ஒரு சூலு மனிதர். எங்கள் ஊரில் பழைய முத்துக்குளிப்புப் படகுகளை நடத்தியவரை மண்டாடி என்பார்கள். இவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும். ஒரு சனிக்கிழமை, எட்டுப் பேர் தயாராக உட்கார்ந்திருக்க, பத்து நிமிடம் அலையைப் பார்த்துவிட்டுப் படகைக் கரைக்கே திருப்பினார். காரணம் விளக்கவில்லை; யாரும் கேட்கவும் இல்லை. அந்த டைவ் எங்கள் கணக்கில் அப்படியே இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பயன்படுத்தினோம். இப்படிப்பட்ட ஓட்டுநர் கிடைத்தால் ஊரை மாற்றாதீர்கள்.

ஒரே பாருக்குத் திரும்பத் திரும்பப் போனால் அலுக்காதா என்று கேட்கிறார்கள். ஜூன் தொடங்கி நவம்பர் வரை ராகட்-டூத் சுறாக்கள் அங்கே குகைகளில் வந்து நிற்கும். உள்ளூரில் செல்லமாக ராகி. கதீட்ரல் என்ற இடத்தில், ஏறக்குறைய 27 மீட்டரில், மணல் தரைக்குச் சற்று மேலே அசையாமல் மிதக்கும். மற்ற பல மீன்களுக்கு இருக்கும் காற்றுப்பை சுறாவுக்குக் கிடையாது. இந்தச் சுறா மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த மிதப்பைப் பெறுகிறது. முதல் முறை போனபோது எனக்குப் பல் மட்டும்தான் தெரிந்தது. பத்தாவது முறைக்குப் பிறகுதான், பக்கவாட்டில் பழைய இனச்சேர்க்கைத் தழும்பு உள்ள பெண் சுறாக்களைப் பிரித்தறியத் தொடங்கினேன். கோடையில் அவை இருக்காது. புலிச்சுறா வரும் காலம் அது. மழை கொட்டினால் ஆற்றுச் சேறு பாருக்கு மேல் ஒரு போர்வையாக வந்து மூடும். அதற்குக் கீழே சில நாள் தண்ணீர் தெளிந்தே இருக்கும். தென்மேற்குக் காற்று சீறினால் அந்த வார இறுதியை மறந்துவிட வேண்டியதுதான். இதையெல்லாம் ஒரு வாரப் பயணத்தில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

சரி தம்பி, உங்கள் ஏழு நாளுக்கு வருகிறேன். என் பதில் டர்பனுக்கு வடக்கே இருக்கும் சோட்வானா விரிகுடா. 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஐசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவுக்குள் இருக்கிறது. பார்களுக்கெல்லாம் படகு இறங்கும் இடத்திலிருந்து உள்ள தூரமே பெயர்: இரண்டு மைல், ஐந்து மைல், ஏழு மைல், ஒன்பது மைல். இரண்டு மைலில் ஆழம் குறைவு, நேரம் தாராளம். ஏழு மைலுக்குக் கடல் அமைதியாக இருக்கும் நாளைப் பிடிக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பவளப் பார்கள் இவை. கூடாரத்தில் தங்கலாம், சொந்தக் கருவிகளோடு போகலாம், ஒருநாள் சரியில்லை என்றால் ஏரிப்பக்கம் போய்ப் பறவை பார்த்துவிட்டு மறுநாள் இறங்கலாம். 2000-ஆம் ஆண்டில் இங்குள்ள பள்ளத்தாக்கில் 104 மீட்டர் ஆழத்தில், மிக ஆழத்துக்கென்றே கலந்த வாயுவைச் சுவாசித்துப் போன மூழ்காளர்கள், ஒரு காலத்தில் அழிந்தே போனதாக நினைத்திருந்த சீலகாந்த் மீனை உயிரோடு கண்டார்கள். அதைக் கேட்டதும் யாராவது ஒருவருக்குக் கண் மின்னும். தயவுசெய்து அந்த ஆசை வேண்டாம். நமக்கு 40 மீட்டரே எல்லை. 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் நிரப்பியிருந்தால் 33 மீட்டர்.

ஆனால் உங்களைப் போல மேட்டுநிலத்திலிருந்து வருகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறீர்கள். அதை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை. டைவுக்குப் பிறகு விமானம் ஏறக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும்: ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து செய்தால் 18. கார் என்றால் யாரும் யோசிப்பதில்லை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்பனிலிருந்து என்3 சாலையில் போனாலும் வான் ரீனன் கணவாயில் 1,600 மீட்டருக்கு மேல் ஏறித்தான் ஆக வேண்டும். சோட்வானாவிலிருந்து போனால் பொங்கோலாவைத் தாண்டியதும் மேடு தொடங்கிவிடும். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு விமானமா காரா என்று தெரியாது. காற்றழுத்தம் குறைகிறதா என்பதே அதற்குக் கணக்கு; குறைந்தால் உடலுக்குள் குமிழாகி ஆளை முடக்கிவிடும். ஞாயிறு காலை இரண்டு டைவ் முடித்துவிட்டுத் திங்கள் வேலைக்காக அன்று மாலையே வண்டியை எடுக்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு நான் வைத்திருக்கும் விதி, காருக்கும் அதே 18 மணி நேரம். எனவே ஏழு நாளில் முதல் நாள் பயணம், நடுவில் ஐந்து நாள் டைவ், கடைசி நாள் டைவ் இல்லை. ஐந்தாவது டைவ் நாளிலும் காலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியும் வேண்டாம், படகும் வேண்டாம், நானும் என் இணையும் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்த நாட்டில் உரிய இடம் கேப் டவுன்தான். சிலிண்டரை நிரப்பி, காரை நிறுத்தி, பாறை வழியாக நடந்து இறங்கலாம். காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுக்கலாம்: கோடையில் தென்கிழக்குக் காற்று வீசினால் அட்லாண்டிக் பக்கம் தெளியும், குளிர்காலத்தில் ஃபால்ஸ் விரிகுடா. தெளிந்த அட்லாண்டிக் 10 டிகிரிக்கும் கீழே போகும் என்பதால் தடித்த உடை கட்டாயம். மில்லர்ஸ் பாயின்ட் அருகே, 1994-இல் மூழ்கடிக்கப்பட்ட எஸ்.ஏ.எஸ். பீட்டர்மாரிட்ஸ்பர்க் கப்பல் கிடக்கிறது. கெல்ப் என்ற உயரமான கடற்பாசிக் காட்டுக்குள் வெயில் சாய்ந்து இறங்கும் காலை நேரம் என்னைத் திக்குமுக்காட வைத்தது. ஆனாலும் குளிரைத் தாங்கும் உடல் எனக்கு இல்லை. ஆண்டுக்கு ஒரு முறையோடு சரி. கடல் பாதுகாப்புப் பகுதிக்குள் ஸ்கூபா செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும், மறக்காதீர்கள்.

மொரிசியஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குடும்பத்தோடு போக அருமையான தீவு, கோயில்களும் உண்டு, நம் ஆட்களும் உண்டு. ஆனால் அங்கே நான் செய்த டைவ்களெல்லாம் விடுதியின் நேர அட்டவணைப்படி, வழிகாட்டியின் பின்னால், வரிசையாக நடந்தன. இருநூறு டைவ் முடித்தவருக்கு அது மூச்சுமுட்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம் வேறு.

எங்கே போவதானாலும் முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் பேசுங்கள். கடல் மோசமானால் பணம் என்ன ஆகும்? நாங்கள் இருவரும் எங்கள் சொந்த மிதவையோடு தனியாக டைவ் செய்ய விடுவீர்களா, அல்லது உங்கள் மிதவைக் கயிற்றைத்தான் தொடர வேண்டுமா? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? மிக அருகிலுள்ள உயர் அழுத்தச் சிகிச்சை அறை எங்கே? மூன்றாவது கேள்விக்கு எரிச்சல் வந்தால் நான் நான்காவதைக் கேட்பதில்லை, தொலைபேசியை வைத்துவிடுவேன்.

தம்பி, ஜூலையில் ஐந்து நாள் சோட்வானாவில் முடித்துவிட்டு, செப்டம்பரில் ஒரு நீண்ட வார இறுதிக்கு உம்கோமாஸ் வாருங்கள். ராகிகள் இருக்கும். புரட்டாசி பிறந்திருக்கும் என்பதால் டைவ் முடிந்ததும் பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்புக்குப் பதில் பீன்ஸ் குழம்பு) மட்டும்தான் கிடைக்கும். என் இணை வேறெதையும் வாங்க விடமாட்டார். திங்கள் ஒருநாள் கூடுதல் விடுப்பை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஞாயிறு மாலை உங்களை நான் கணவாய் ஏற விடப்போவதில்லை.