கணக்குப் போடாமல் 'சுனாமி புகலிடம்' என்று எழுதாதீர்கள்

பெங்களூரில் இருந்துகொண்டு நாகை மாவட்டத்து ஊர்ப் பள்ளிக்குப் பணம் சேர்க்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இது. வாட்ஸ்அப் குழுவில் இவ்வளவு நீளமாக எழுத முடியாது, அதனால் இங்கே.

நாம் கட்டப்போகும் பள்ளியின் கட்டட வரைபடத்தில் இருப்பது தரைத்தளம், அதன்மேல் ஒரு மாடி, அப்புறம் மொட்டை மாடி. "சுனாமி வந்தா ஊரே மேல ஏறிக்கலாம், புகலிடம்னு போர்டு வெச்சிடலாம்" என்று அல்சூர் கூட்டத்தில் ஒரு அண்ணன் சொன்னதும் எல்லாருக்கும் பிடித்துப்போனது. 2004-ல் இழப்பைப் பார்த்த குடும்பம் அவருடையது. அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் கட்டமைப்புப் பொறியாளனாகச் சொல்கிறேன்: அந்த மனையில் என்ன தண்ணீர் வரும் என்று கணக்குப் போடாமல் அப்படி ஒரு போர்டு வைக்கவே கூடாது. மக்கள் அதை நம்பி ஓடி வருவார்கள்.

ஜப்பானின் ஓகாவா தொடக்கப் பள்ளி கடலில் இருந்து கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் உள்ளே, ஆற்றங்கரையில் இருந்தது. தண்ணீர் வராத இடம் என்று அபாய வரைபடம் சொன்னது. அதனால் பள்ளியையே புகலிடமாக அறிவித்திருந்தார்கள். 2011 மார்ச் 11 அன்று நிலம் நடுங்கிய பிறகு சுமார் 50 நிமிடம் பிள்ளைகள் மைதானத்திலேயே நின்றார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. ஆற்று வழியாக ஏறி வந்த அலை இரண்டு தளக் கட்டடத்தையே மூழ்கடித்தது. 74 பிள்ளைகள், 10 ஆசிரியர்கள் போய்விட்டார்கள். அதே நாளில் செண்டாயின் அராஹாமா பள்ளியில், கடலில் இருந்து வெறும் 700 மீட்டரில், நான்கு தளக் கட்டடத்தின் மேலே ஏறிய 320 பேர் பிழைத்தார்கள்.

"2004-ல் தண்ணீர் நின்ற உயரம் தெரியுமே, அதுக்கு மேல ஒரு மாடி போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. அது ஒரு நாளின் தண்ணீர். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் கட்டட விதியான ஏஎஸ்சிஇ 7, சுமார் 2,475 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய சுனாமியை எடுத்துக்கொள்கிறது. கடல்மட்டத்தில் இருந்து அளந்த அதன் நீர்மட்டத்தை 1.3-ஆல் பெருக்கி, அதற்கு மேல் இன்னும் 3 மீட்டராவது விட்டுத்தான் மக்கள் நிற்கும் தளம் இருக்க வேண்டும் என்கிறது. உதாரணத்துக்கு, மனை கடல்மட்டத்தில் இருந்து 3 மீட்டர் உயரம், அதன்மேல் 4 மீட்டர் தண்ணீர் என்று வையுங்கள். நீர்மட்டம் 7. பெருக்கினால் 9.1, மூன்றைக் கூட்டினால் 12.1. மனையின் உயரம் மூன்றைக் கழித்தால், தரையில் இருந்து 9.1 மீட்டர். நம் வரைபடத்து மொட்டை மாடி 6.6 மீட்டரில் நிற்கிறது.

உயரத்தோடு முடியவில்லை. "புயலைத் தாங்குற கட்டடம் இதைத் தாங்காதா?" மணிக்கு 180 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் தருவது ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சேறோடு ஓடும் தண்ணீர் தூணில் மோதி, அதே ஒரு சதுர மீட்டரில் தருவது இரண்டரை டன்னுக்கு மேல். கூடவே படகு வந்து மோதும். 2004-ல் நாகையில் விசைப்படகுகள் கரையேறிக் கிடந்ததை நாம்தானே பார்த்தோம். தரைத்தளச் சுவர்கள் உடைந்து தண்ணீருக்கு வழிவிட வேண்டும், தூண்கள் நிற்க வேண்டும். நம் ஊர் மணலில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அடித்தளம் போட்டால், அலை திரும்பும்போது மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண், போடாமல் வேலைக்கு ஆகாது.

படிக்கட்டையும் யோசியுங்கள். அமெரிக்காவில் ஓகோஸ்டா பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்து மேல்தளத்தைச் சுமார் 1,000 பேருக்கான புகலிடமாக 2016-ல் கட்டி முடித்தார்கள். மூலைகளில் படிக்கட்டுக் கோபுரங்கள். நம் பள்ளிகளில் மொட்டை மாடிக் கதவு எப்போதும் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம். 2004-ல் அலை வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளி பூட்டிக் கிடக்கும் நேரம்.

இன்னொன்று. சுமத்ராவில் நடுங்கினால் நமக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, 2007-ல் இருந்து ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் சுனாமி எச்சரிக்கை தருகிறது. நடக்க முடிந்தவர்கள் மேற்கே உள்ளே போவதுதான் முதல் வழி. பள்ளி மாடி, போக முடியாதவர்களுக்கு: படுத்த படுக்கையாய் இருப்பவர்கள், ஒற்றைப் பாலத்தை நம்பி இருக்கும் தெருக்காரர்கள். அவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுவோம்.

பெயின்ட், டைல்ஸ் எல்லாம் பிறகு. முதல் பணம் மண் பரிசோதனைக்கும் அலைக் கணிப்புக்கும் போகட்டும். அதற்கு வசதி இல்லையென்றால் நல்ல பள்ளிக்கூடமாக மட்டும் கட்டுவோம், புகலிடம் என்று சொல்ல வேண்டாம். வசதி இருந்தால், அறிக்கை கைக்கு வந்ததும் கட்டமைப்பு வடிவமைப்பை நான் காசில்லாமல் போட்டுத் தருகிறேன். கூடுதல் தளத்துக்கான செலவிலும் என் பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.