கறக்காத மாட்டுக்கு மாசம் 12,871 ரூபாய்

அக்கா மகன் போன வாரம் போன் பண்ணினான். கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை, பிடித்தம் போக 35,000 கைக்கு வருகிறது, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "மாமா, கார் எடுக்கலாம்னு இருக்கேன். ஒம்பது லட்சம் லோன் தாராங்க, ஏழு வருசம். மாசம் பதினாலாயிரத்து ஐநூறுதான் மாமா வருது."

அந்த "தான்" இருக்கிறதே, அதைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. 2019 தை மாசம் நானும் இதே "தான்" போட்டுத்தான் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"ஏல, பெட்ரோல் யாரு போடுவா?" என்று கேட்டேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனுக்கு போனில் சொன்னது பாதி, சொல்லாமல் விட்டது பாதி. சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவினாலும் சரி, "பெரிய ஆளு மாதிரி பேசுதான்" என்று திட்டினாலும் சரி.

முதலில் என் கதை. நான் ஒரு உரக்கடை ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறவன். ஊர்க்காரன் துட்டை எல்லாம் பைசா சுத்தமாக எழுதிவிட்டு என் கணக்கில் கோட்டை விட்டவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சம்பளம் 42,000. முன்பணத்துக்குச் சீட்டு எடுத்ததும், வீட்டுக்காரியின் நாலு பவுனும். அது போக 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 84 மாசம். டியூ 12,871. ஷோரூமில் அந்தத் தம்பி கால்குலேட்டரைத் தட்டிக் காட்டும்போது நாலு வருசத்துக்கும் தட்டிக் காட்டினான், 19,908 வந்தது. "இது ரொம்ப இறுக்கும் சார்" என்று அவனே சொன்னான். இறுக்கினால் அந்த வண்டி நமக்கு ஆகாது என்று அர்த்தம். அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, வருசத்தை நீட்டினால் இறுக்கம் போய்விடும் என்று நினைத்தேன். நாலு வருசத்தில் கட்டியிருந்தால் வட்டி ஒன்றரை லட்சத்துச் சொச்சம். ஏழு வருசத்துக்கு 2 லட்சத்து 81 ஆயிரம். அந்த வித்தியாசத்துக்கு நல்ல பைக் ஒன்று வாங்கியிருக்கலாம்.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏழு வருசக் கடனில் நாலு வருசம் ஒழுங்காகக் கட்டி முடித்த அன்றைக்கும், அதாவது ஆறு லட்சத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்த பிறகும், அசல் நாலு லட்சத்துக்கு மேல் அப்படியே நிற்கும். அதே நேரம் காப்பீட்டுக்காரர்கள் போடும் கணக்கில் வண்டியின் மதிப்பு நாலாவது வருசத்திலேயே 40 சதவீதம் கழிந்திருக்கும், ஐந்து வருசம் ஆகும்போது பாதி. கடன் ஆமையாக இறங்கும், வண்டி மதிப்பு முயலாக இறங்கும். இந்தக் கதையில் ஆமை ஜெயித்தால் தோற்கிறது நாம்தான்.

சரி, மாசச் செலவுக்கு வருகிறேன். டியூ 12,871. பெட்ரோல் சராசரியாக 3,000. இன்சூரன்ஸ் வருசத்துக்கு 22,000 என்றால் மாசம் 1,800 சொச்சம். சர்வீஸ், டயர், பேட்டரி என்று மாசத்துக்குப் பங்கு போட்டால் 1,200. நாங்குநேரி டோல், கழுவுகிற காசு, அங்கே இங்கே பார்க்கிங், ஒரு 500. ஆக 19,371. சம்பளத்தில் 46 சதவீதம்! நான் சினிமா நடிகன் இல்லை, உரக்கடைக் கணக்கன்.

இதற்கு எத்தனை நாள் ஓடியது என்று கேளுங்கள். 2022-ல் ஒரு கோட்டித்தனமாக டைரியில் குறித்து வைத்தேன். 71 நாள். வீடு திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம், ஆபீஸ் ஜங்ஷன் பக்கம், பைக்கில் போனால் பத்து நிமிசம். காரில் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏசி போட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊர் ஜனம் ஆற்றைத் தாண்டக் கஷ்டப்படுகிறதே என்று அந்த மனுசர் சொந்தத் துட்டைப் போட்டுக் கட்டி 1843-ல் திறந்த பாலம், அதன் மேல் நான் கடன் வாங்கின வண்டியில் நகராமல் கிடக்கிறேன். அதோடு ஆபீசுக்குக் காரில் போவதை விட்டுவிட்டேன். வீட்டுக்காரி பள்ளிக்கூடத்துக்கு மகளிர் இலவச டவுன் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள், டிக்கெட் பூஜ்யம். வாசலில் 46 சதவீதம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கும்.

அந்த 71 நாளில் என்னென்ன? கல்யாணங்கள்தான் முக்கால்வாசி. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில். ஊர்க் கொடை. திருச்செந்தூர் நாலைந்து தடவை. சீசனுக்குக் குற்றாலம். எங்கம்மா ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்: "ஏய்யா, இது நிக்கதுக்கா மாசம் பன்னெண்டாயிரம்? கறக்காத மாட்டுக்கு இம்புட்டுத் துட்டுக்குப் புல்லு போடுதியே." அம்மா முக்கூடலில் பீடி சுற்றி எங்களை வளர்த்தவள். எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் கோபம் வரத்தானே செய்யும்.

சராசரி மாசம் 525 கிலோமீட்டர். 19,371-ஐ வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு 37 ரூபாய்க்குப் பக்கம். தெருவில் வாடகைக் கார் ஓட்டுகிற பையன் பதினைந்து, பதினாறு ரூபாய்க்கு வருகிறான், டிரைவர் பேட்டா தனி என்று வைத்தாலும் என் சொந்தக் காரை விட மலிவு. சொந்தக் காரை ஓட்டிய சம்பளத்தையும் நான் எனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் 2023 டிசம்பர். 17-ஆம் தேதி ஞாயிறு ஆரம்பித்த மழை. அந்த ரெண்டு நாளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. நாங்கள் மாடியில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்க, கார் முதலில் சக்கரம், அப்புறம் கதவு, அப்புறம் ஸ்டீயரிங் வரைக்கும் முங்கியது. அன்றைக்கு 59 டியூ முடிந்திருந்தது, 25 பாக்கி.

தண்ணீர் வடிந்ததும் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது, இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாவியைப் போட்டு ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் தண்ணீரை அமுக்க முடியாது, காற்று மாதிரி அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்தது. காப்பீட்டுக் கம்பெனியில் இருந்து வந்தவர் பார்த்துவிட்டு, வெள்ளத்தால் ஆன சேதத்துக்குத் தருவோம், நீங்கள் ஸ்டார்ட் பண்ணியதால் என்ஜினுக்கு ஆன சேதத்துக்குத் தர முடியாது, அதற்கு என்ஜின் பாதுகாப்பு என்று தனிக் கவர் எடுத்திருக்க வேண்டும் என்றார். அந்தக் கவர் பாலிசியில் முதல் மூன்று வருசம் இருந்தது. நாலாவது வருசம் நானே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். மிச்சம் எவ்வளவு தெரியுமா? 1,500 ரூபாய். டியூ இறுக்கியதால் 1,500-க்குக் கத்தரி வைத்தேன், மெக்கானிக் ஒன்றரை லட்சத்துக்குப் பில் வைத்தார்.

காரை வாங்கும்போது யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. சக்திக்கு மீறி வண்டி எடுத்தவன் அந்த வண்டியைக் காப்பாற்ற வேண்டிய செலவில்தான் முதலில் கை வைப்பான். நல்ல டயர் போடமாட்டான், சர்வீசைத் தள்ளிப் போடுவான், கவரைக் குறைப்பான். நாலுவழிச் சாலையில் வழுக்கை டயரோடு பறக்கிற புது மாடல் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் வீட்டு டியூ புத்தகம்தான் கண்ணில் தெரிகிறது.

நகையை வைத்து ரிப்பேர் பண்ணினேன். 2024 மார்ச்சில் விற்றேன். வெள்ளத்தில் முங்கின வண்டி என்றால் எவன் நல்ல விலை கேட்பான்? 2 லட்சத்து 40 ஆயிரம். அதுவரை 62 டியூ கட்டியிருக்கிறேன், கூட்டினால் எட்டு லட்சத்துக்கு ரெண்டாயிரம் குறைவு. அசல் பாக்கி 2 லட்சத்து 60 ஆயிரம். வண்டியையும் கொடுத்து, மேலே 20 ஆயிரமும் கொடுத்து, முன்கூட்டியே முடிக்கிறேன் என்று அபராதமும் கட்டி வெளியே வந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் நடந்துதான் வீட்டுக்கு வந்தேன், பைக் சர்வீசில் இருந்தது, அதுவும் ஒரு கொடுமை.

சரி, அப்போ எவ்வளவுதான் செலவழிக்கலாம்? யூடியூபில் 20-4-10 என்று ஒரு விதி சொல்கிறார்கள். இருபது சதவீதம் முன்பணம், நாலு வருசக் கடன், பெட்ரோல் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாச வருமானத்தில் பத்து சதவீதத்துக்குள். அமெரிக்காவில் இருந்து வந்த விதி. நம்ம ஊர்க் கணக்கில் போட்டேன். எட்டு லட்ச ரூபாய் வண்டிக்கு 6 லட்சத்து 40 ஆயிரம் கடன், நாலு வருசத்துக்கு டியூ கிட்டத்தட்ட 16,000, ஓட்டுகிற செலவு 6,500. அப்படியானால் மாசம் 2 லட்சத்து 25 ஆயிரம் சம்பளம் வேண்டும். பாளையங்கோட்டையில் அந்தச் சம்பளக்காரர்களை ஒரு மண்டபத்தில் கூட்டினால் பின்வரிசை காலியாகக் கிடக்கும். வண்டியின் விலை உங்கள் வருச வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று இன்னொன்று சொல்கிறார்கள். அது பரவாயில்லை, ஆனால் அதில் எத்தனை வருசக் கடன் என்ற பேச்சே இல்லை.

என் கணக்கு, பட்டுத் தெரிந்த கணக்கு, இது. வீட்டுக்கு வருகிற மொத்தச் சம்பளத்தில் டியூ, பெட்ரோல், இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் சேர்ந்து 15 சதவீதம். கடன் நாலு வருசம், அதற்கு மேல் ஒரு மாசம் கூடாது. இதற்குள் புது வண்டி அடங்கவில்லை என்றால் ரெண்டு லட்சம் மூன்று லட்சத்துக்கு செகண்ட் ஹேண்ட், நல்ல மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து. அதுவும் அடங்காது, வருசத்தில் நூறு நாள் கூட ஓடாது என்றால் வாடகைக் கார்.

ஆனால் இந்த 15-ஐக் கல்வெட்டு மாதிரி பிடித்துக்கொண்டு தொங்க மாட்டேன். களக்காட்டில் எங்கள் சித்தப்பாவுக்கு டயாலிசிஸ். வாரம் ரெண்டு நாள் பாளைக்கு வரவேண்டும். பஸ்ஸில் வந்து, நாலு மணி நேரம் மெசினில் கிடந்து, தலைசுற்றலோடு திரும்ப பஸ் ஏறமுடியுமா? அவர் மகன் பழைய வேகன் ஆர் ஒன்று வாங்கினான், வருமானத்தில் கால்வாசி அதற்குப் போகிறது. அவனிடம் போய் நான் சதவீதம் பேசினால் செருப்பால் அடிப்பான், அடிக்கவும் வேண்டும். அவன் மாடு கறக்கிறது. சுரண்டையில், பாவூர்சத்திரத்தில் காய்கறி வியாபாரத்துக்கு வண்டி வைத்திருப்பவர்களும் அப்படித்தான், அது தொழில், வேறு கணக்கு.

நான் பேசுவது நம்மைப் போல வாசலில் நிற்பதற்கு வண்டி வாங்குகிறவர்களைப் பற்றி. மருமகன் விசயமும் அதுதான். அவன் வேலைக்குக் கம்பெனி பஸ் வருகிறது. அப்புறம் எதற்குடா கார் என்றால் பதில் அவனிடம் இல்லை, அக்காவிடம் இருக்கிறது. பெண் வீட்டுக்காரர்கள் வரும்போது வாசலில் வண்டி நிற்க வேண்டும். இன்னொரு கூத்து, சில வீடுகளில் சீரோடு கார் என்கிறார்கள், விசாரித்தால் மாமனார் போட்டது முன்பணம் மட்டும், மீதி ஏழு வருசமும் மாப்பிள்ளை தலையில். பெருமை மண்டப வாசலோடு சரி, டியூ மட்டும் மாசா மாசம் அஞ்சாம் தேதி வந்து நிற்கும்.

அவனுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு: 9 லட்சத்துக்கு டியூ 14,480, அதுவே 41 சதவீதம். மற்றதையும் சேர்த்தால் 60-ஐத் தொடும். அவன் சொல்கிறான், "மாமா, செப்டம்பர்லருந்து ஜிஎஸ்டி குறைஞ்சிருக்குல்லா." ஆமாம், 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன வண்டிக்கு 18 சதவீதம்தான். மிச்சமான துட்டை என்னல செய்யப் போற என்றேன். அதை வைத்து சன் ரூஃப் உள்ள மாடலாம். குறைத்த வரி கூரையில் ஓட்டை போடப் போய்விட்டது! அந்த மாடல் பத்து லட்சத்தைத் தாண்டினால் நம்ம மாநில ஆயுள் வரி 13-லிருந்து 15 சதவீதத்துக்குத் தாவும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வண்டி போனதில் எனக்கு நிம்மதி, வீட்டுக்காரிக்கு இன்றைக்கும் வருத்தம். சாரல் அடிக்கிற ஆடி மாசத்தில் ராத்திரி மூணு மணிக்குத் திடீரென்று எழுப்பி, ஐந்தருவிக்குப் போவோமா என்பாள். பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்புவோம், ஆலங்குளம் தாண்டும்போது காற்று மாறும். கூட்டம் வருவதற்கு முன் குளித்துவிட்டு, பாவூர்சத்திரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு ஆபீசில் இருப்பேன். வாடகைக் கார்ப் பையனை மூணு மணிக்கு எழுப்ப முடியாது. போன வருசம் வாடகைக் காருக்கு மொத்தம் 41,000 செலவு, முன்னால் வருசத்துக்கு ரெண்டேகால் லட்சத்துக்கு மேல் போனது. இந்த ரெண்டையும் அவளிடம் காட்டினேன். "கணக்கு சரிதான், ஐந்தருவிய எந்தப் பக்கத்துல எழுதியிருக்கிய?" என்றாள். பதில் இல்லை என்னிடம். அடுத்த வருசம் பழைய வண்டி ஒன்று பார்க்கலாம் என்றிருக்கிறேன், கையில் உள்ள துட்டுக்கு.

நேற்று மருமகன் திரும்பக் கூப்பிட்டான். ஷோரூமில் பதினொராயிரம் அட்வான்ஸ் கட்டிவிட்டானாம், அதை முதலில் என்னிடம் சொல்லவில்லை. "திருப்பித் தருவாங்களா மாமா?" ரசீதின் பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, பெரிதாக்கினாலும் தெரியவில்லை. சனிக்கிழமை ரெண்டு பேருமாக நேரில் போகிறோம். அக்கா என்னிடம் பேசி நாலு நாள் ஆகிறது.