பீட் போஸ்டல்த்வெயிட்டின் அப்பாக்கள்

'இன்செப்ஷன்' பார்த்தவர்களுக்கு மரணப் படுக்கையில் கிடக்கும் அந்தக் கோடீஸ்வர அப்பாவை நினைவிருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டே ஏமாற்றம் என்று முனகுவார். நான் உங்களைப் போல ஆகவில்லையே என்றுதானே ஏமாற்றம் என்பான் மகன். இல்லை, என்னைப் போல ஆக நீ முயன்றாயே, அதில்தான் என்பார். மகனின் மனதில் ஒரு எண்ணத்தை விதைக்க அவ்வளவு பெரிய படத்தில் போடும் மொத்தத் திட்டமும் பலிப்பது அந்த ஒரு பதிலில்தான். அதைச் சொன்னவர் ஆங்கில நடிகர் பீட் போஸ்டல்த்வெயிட். படம் 2010 ஜூலையில் வந்தது. அடுத்த ஜனவரி 2 அன்று, 64 வயதில், கணையப் புற்றுநோயில் போய்விட்டார்.

உலகின் மிகச் சிறந்த நடிகர் என்று இயக்குநர் ஸ்பீல்பெர்க் இவரைப் பாராட்டியதை எல்லோரும் சொல்வார்கள். பெரிய பாராட்டுதான். ஆனால் ஸ்பீல்பெர்க்கின் டைனோசர் படத்தில் வேட்டைக்காரராக வந்ததோடு இவரை நிறுத்திவிட்டால் நமக்குத்தான் நஷ்டம். இவர் செய்த அப்பாக்களைப் பார்க்க வேண்டும். தொழிலாளி வீட்டு அப்பாவை இவர் அளவுக்கு நியாயமாகத் திரையில் காட்டியவர் வேறு யாரும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இவரும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைதான். 1946இல் இங்கிலாந்தின் வாரிங்டனில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரியாராக நினைத்தார், பிறகு ஆசிரியரானார், அப்புறம்தான் பிரிஸ்டலுக்கு நடிப்புப் படிக்கப் போனார். எழுபதுகளில் லிவர்பூல் எவ்ரிமேன் நாடக அரங்கம். ஜூலி வால்டர்ஸ், பில் நை எல்லாம் அங்கே கூட நடித்தவர்கள். சினிமாவில் பேர் வாங்கும்போது நாற்பதைத் தாண்டியிருந்தார்.

அந்தப் பேரை வாங்கித் தந்தது 1988இல் வந்த 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்'. மனைவியையும் பிள்ளைகளையும் அடிக்கிற லிவர்பூல் அப்பா. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, தூங்குகிற பிள்ளைகளைப் பாசத்தோடு பார்த்து வாழ்த்திவிட்டுப் போவார். மறுநாள் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது மேசைவிரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பு. தட்டு, சாப்பாடு எல்லாம் தரையில். ஏன் என்று படம் சொல்வதில்லை. இவரும் முகத்தில் எந்த விளக்கமும் தருவதில்லை. முந்தின இரவின் பாசமும் பொய்யில்லை என்பதுதான் அந்தக் காட்சியைத் தாங்க முடியாததாக்குகிறது. அவரை மன்னிக்கவும் முடியவில்லை, வெறுத்து ஒதுக்கவும் முடியவில்லை.

இதற்கு நேர் எதிர் 1993இல் வந்த 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்'. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் நகரில் நடந்த குண்டுவெடிப்பை ஒட்டிய வழக்கில், செய்யாத குற்றத்துக்காக, மகன் ஜெர்ரியைப் போலவே சிறைக்குப் போன ஜூசெப்பி கான்லன் என்ற நிஜ மனிதர். 1980இல் சிறைக் கைதியாகவே இறந்தார். அவர் மீதான தீர்ப்பு ரத்தானது 1991இல். படத்தில் மகனாக வரும் டேனியல் டே லூயிஸ் கத்துவார், முரண்டு பிடிப்பார். அப்பா ஜெபம் செய்வார், வழக்குக்காகக் கடிதம் எழுதுவார், இருமுவார். பொறுமை என்பது எவ்வளவு பிடிவாதமான காரியம் என்று அந்த ஒடுங்கிய முகத்தில் தெரியும். அவர் இறந்த இரவு கைதிகள் காகிதங்களைக் கொளுத்தி ஜன்னல் வழியே விடுவார்கள். அந்த மரியாதைக்கு உரியவர்தான் என்று நாம் நம்புவது, அதுவரை போஸ்டல்த்வெயிட் சத்தமில்லாமல் செய்த நடிப்பால். துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது டாமி லீ ஜோன்ஸுக்குப் போனது. எனக்கு இன்றும் அதில் உடன்பாடில்லை.

1996இல் 'பிராஸ்டு ஆஃப்'. யார்க்‌ஷயரில் மூடப்போகிற நிலக்கரிச் சுரங்கம், அந்தத் தொழிலாளர்களின் பேண்டு வாத்தியக் குழு, அதை நடத்தும் டேனி என்ற அப்பா. நுரையீரல் முழுக்கக் கரித்தூள். இசைதான் உலகத்திலேயே பெரிது என்று இருந்தவர், ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஜெயித்த கோப்பையை வாங்க மறுத்து, இசையை விட மனிதர்கள்தான் முக்கியம் என்று பேசுவார். வேறொருவர் பேசியிருந்தால் மேடைப் பிரசங்கமாகியிருக்கும். இவர் பேசும்போது, வாழ்நாள் நம்பிக்கையை ஒருவர் நம் கண்ணெதிரே திருத்திக்கொள்வது போல இருக்கும்.

ஹாலிவுட் எல்லாம் பார்த்த பிறகு, 2008இல் அதே எவ்ரிமேன் மேடைக்குத் திரும்பி வந்து ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நடித்தார். அதுவும் ஒரு அப்பாதான்.

இவரைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் 'பிராஸ்டு ஆஃப்'பில் தொடங்குங்கள். 'டிஸ்டன்ட் வாய்சஸ்' கடைசியில் இருக்கட்டும், அது கனமான படம்.