கடல்நீர் உலோகமா, கண்ணாடியா? மின்காந்தவியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு

திருகோணமலையிலிருந்து பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் கிளிநொச்சிக்கும் ஒலுவிலுக்கும் மின்பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் எந்தப் பாடம் பயம் என்று கேட்டுப் பாருங்கள். மின்காந்தவியல் என்பார்கள். ஏன் என்றால் கணிதம் என்பார்கள். கேர்ள் (ஒரு புலம் எவ்வளவு சுழல்கிறது), டைவர்ஜன்ஸ் (எவ்வளவு விரிகிறது), மூன்று விதமான ஆள்கூறு, பரப்புத் தொகையீடு. ஏ.எல். (உயர்தர) இணைந்த கணிதத்தில் காவி (vector) உண்டு, கேர்ள் இல்லை. அந்த இடைவெளி உண்மைதான், ஆனால் குந்தியிருந்து செய்தால் ஒரு மாதத்தில் அடைத்துவிடலாம். பிள்ளைகள் சறுக்குவது வேறிடத்தில் என்பது என் அபிப்பிராயம். ஒரு கணக்கில் எந்த உறுப்பை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது என்று முடிவெடுக்கும் இடம் அது. மாணவர்கள் தங்களுக்குள் நடத்தும் குப்பி வகுப்பில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. பழைய வினாத்தாள்களிலோ ‘நல்ல கடத்தி எனக் கொள்க’ என்று வினாவிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பொறியியலாளர் சம்பளம் வாங்குவது அந்த ஒரு வரியைத் தானே எழுதுவதற்குத்தான். மிச்சத்தைக் கணினி போட்டுத் தரும்.

திருகோணமலை டச்சுக் குடாவில் காலை நனைக்கும் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். அம்பியர் விதியின் வலப்பக்கத்தில் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று கடத்தல் ஓட்டம்: சிக்மா (கடத்துதிறன்) தர மின்புலம். மற்றது மெக்ஸ்வெல் சேர்த்த இடப்பெயர்ச்சி ஓட்டம்: ஒமேகா தர எப்சிலன் தர மின்புலம். ஒமேகா என்பது மீடிறனை (frequency) 2π ஆல் பெருக்கியது, எப்சிலன் என்பது பொருளின் பெர்மிட்டிவிட்டி. முதலாவதை இரண்டாவதால் பிரித்தால் மின்புலம் வெட்டுப்பட்டு வெறும் எண் ஒன்று மிஞ்சும். அது 100க்கு மேலே போனால் அந்தப் பொருளை உலோகம் மாதிரி நடத்தலாம். 0.1க்குக் கீழே என்றால் கொஞ்சம் கசியும் காவலி. நடுவில் நின்றால் குறுக்குவழி கிடையாது, முழுச் சூத்திரத்தையும் போட வேண்டியதுதான்.

கடல்நீருக்குப் பாடநூல்கள் மீற்றருக்கு 4 சீமென்ஸ் என்று எடுக்கும். எங்கள் இளஞ்சூட்டுக் கடலுக்கு 5க்குக் கொஞ்சம் மேலே வரும், ஆனால் ஊடுருவும் ஆழத்தில் (அலை கிட்டத்தட்ட 37 வீதமாகத் தேயும் ஆழம்) வர்க்கமூலமாக வருவதால் வித்தியாசம் பத்துப் பதினைந்து வீதம்தான். 4 என்றே வைப்போம். சார்பு பெர்மிட்டிவிட்டி 80. இரண்டு உறுப்பும் சமமாகும் மீடிறன் 900 மெகாஹேர்ட்ஸ் அளவில் வரும். பழைய கைத்தொலைபேசி அலைவரிசை இருந்த அதே இடம்! அதற்கு நன்றாகக் கீழே கடல் உலோகம், மேலே போகப்போக அது உலோகமாக நடப்பதை விட்டுவிடும்.

நல்ல கடத்திக்கான ஊடுருவும் ஆழம்: தடைத்திறனை மீடிறனால் பிரித்து, வர்க்கமூலம் எடுத்து, 503 ஆல் பெருக்குங்கள். விடை மீற்றரில் வரும். கடல்நீரின் தடைத்திறன் 0.25 ஓம் மீற்றர். 50 ஹேர்ட்ஸில் 36 மீற்றர். 20 கிலோஹேர்ட்ஸில் 1.8 மீற்றர். நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்ப இவ்வளவு தாழ்ந்த மீடிறனைக் கடற்படைகள் பிடித்துக்கொள்வது இதனால்தான். அங்கேயும் 10 மீற்றர் இறங்கினால் 49 டெசிபெல் போய்விடும், அதாவது வலு எழுபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். முன்பு எங்கள் மாவட்டத்தில் இருந்த ஜேர்மன் வானொலியான டொய்ச்சே வெல்லேயின் நிலையம் மத்திய அலையில் பாவித்த 1548 கிலோஹேர்ட்ஸுக்கு விகிதம் 580, ஆழம் 20 சென்ரிமீற்றர். அந்த அலைக்குக் கடல் ஒரு உலோகத் தகடு மாதிரி. மத்திய அலைக் கோபுரத்துக்குக் கரையோரக் காணி ஏன் வாய்ப்பு என்று இனிக் கேட்கத் தேவையில்லை.

பிழை நடப்பது வைஃபையில். 2.4 கிகாஹேர்ட்ஸுக்கும் கை பழகிய அதே 503 சூத்திரத்தைப் போட்டால் 5 மில்லிமீற்றர் வரும். விகிதத்தைப் பார்த்தால் 0.37 தான், அது உலோகமே இல்லை. முழுச் சூத்திரம் தருவது 12 மில்லிமீற்றர். இரண்டு மடங்குக்கு மேல் பிழை, ஆனால் விடைத்தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நன்னீரில் இன்னும் மோசம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீருக்கு உதாரணமாக 0.02 சீமென்ஸ் என்று வைத்து 100 மெகாஹேர்ட்ஸில் போட்டுப் பாருங்கள். கடத்திச் சூத்திரம் 36 சென்ரிமீற்றர் என்னும், சரியான விடை 2.4 மீற்றர். கசியும் காவலியில் அந்த ஆழம் மீடிறனில் தங்கியிருப்பதுகூட இல்லை. இதைப் பரீட்சையில் கேட்டால் பாதிப் பேர் மீடிறனைக் கூட்டிக் குறைத்து வரைபு கீறிக்கொண்டு இருப்பார்கள்.

செம்பில் 50 ஹேர்ட்ஸுக்கு அதே விகிதம் 2க்குப் பின்னால் 16 பூச்சியம். அங்கே மெக்ஸ்வெல்லின் உறுப்பை எந்தக் குற்றவுணர்வும் இல்லாமல் எறியலாம். மெக்ஸ்வெல்லின் 1865 கட்டுரையில் சமன்பாடுகள் 20 இருந்தன. இன்று ரீசேட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளும் நான்கும் 1880களில் ஹெவிசைட் சுருக்கிக் கொடுத்த வடிவம். அவர் பல்கலைக்கழகப் பக்கமே போகாத தந்திக்காரர்.

இனி வயர். அங்கேயும் அதே முடிவுதான்: அலையாகப் பார்ப்பதா, வெறும் வயராகப் பார்ப்பதா? 50 ஹேர்ட்ஸின் அலைநீளம் 6000 கிலோமீற்றர். இலங்கையின் நீளம் அதில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆகவே ஊருக்குள் ஓடும் 33 கிலோவோல்ற்று லைனை அலையாக யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பருவமழைக்கு முந்திய இடிமின்னல் அதே லைனில் விழுந்தால் கதை மாறும். அலை மைக்ரோசெக்கனுக்கு 300 மீற்றர் ஓடும். ஒரு மைக்ரோசெக்கனில் ஏறும் துடிப்புக்கு 300 மீற்றர் லைன் என்பது நீண்ட லைன். மின்மாற்றியின் வாயில் அது கிட்டத்தட்ட திறந்த முனையில் மோதுவதுபோல் மோதி இரட்டிக்கும். மின்னல் தடுப்பானை 30 மீற்றர் தள்ளி அடுத்த கம்பத்தில் மாட்டினால், போய்வர 0.2 மைக்ரோசெக்கன். மைக்ரோசெக்கனுக்கு 500 கிலோவோல்ற்று ஏறும் துடிப்பென்றால் தடுப்பான் விட்டுவைக்கும் வோல்ற்றளவுக்கு மேல் மின்மாற்றி கூடுதலாக 100 கிலோவோல்ற்றைத் தாங்க வேண்டும். 3 மீற்றரில் மாட்டினால் கூடுதல் 10 தான். 33 கிலோவோல்ற்றுக் கருவிகளின் மின்னல் தாங்குதிறன் பொதுவாக 170 கிலோவோல்ற்று, ஆகவே மாட்டும் இடமே மின்மாற்றியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தடுப்பானுக்குப் போகும் தொடுப்பு வயரும் அப்படித்தான். மீற்றருக்கு 1 மைக்ரோஹென்றி, மைக்ரோசெக்கனுக்கு 10 கிலோஅம்பியர் என்றால் மீற்றருக்கு 10 கிலோவோல்ற்று. ‘அழகுக்காக’ அந்த வயரைச் சுருட்டி விடும் பழக்கத்தைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

கையால் செய்து பார்க்க ஒன்று. 12 வோல்ற்று மோட்டார் சைக்கிள் பற்றரி, 21 வாற்று பிரேக் பல்ப், 5 அம்பியர் பியூஸ், வயர், திசைகாட்டி. பல்ப்தான் ஓட்டத்தை 1.75 அம்பியரில் பிடித்து வைக்கும். பல்ப்பும் பியூஸும் இல்லாமல் பற்றரியைக் குறுக்கிணைத்தால் வயர் உருகும். மர மேசையில் திசைகாட்டியை வைத்து, அதற்கு 3 சென்ரிமீற்றர் மேலே ஒரு மீற்றர் வயரை வடக்குத் தெற்காக இழுத்துக் கட்டுங்கள். வயர் தரும் புலம் 11.7 மைக்ரோரெஸ்லா. பூமியின் கிடைப்புலம் இங்கே கிட்டத்தட்ட 40. தான்சன் (tan) விதிப்படி ஊசி 16 பாகை திரும்ப வேண்டும்.

திரும்பாவிட்டால் எங்கே பிழை? வயரைக் கிழக்கு மேற்காகக் கட்டினால், அதன் புலம் பூமியின் புலத்தோடு ஒரே கோட்டில் விழும். அதை வெல்லும் பலம் 11.7க்கு இல்லை, ஊசி அசையாது. திரும்பி வரும் வயரைப் போகும் வயரோடு முறுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். திரும்பும் வயரை மேசையில் ஊசியின் மட்டத்திலேயே பக்கவாட்டில் விடுங்கள். அதன் புலம் அந்த இடத்தில் நிலைக்குத்தாக இருப்பதால் ஊசி அதைக் கண்டுகொள்ளாது. பற்றரியும் போனும் ஒரு மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். ‘முடிவிலி நீளக் கடத்தி’ என்ற சொல்லுக்குப் பயப்படாதீர்கள்: ஒரு மீற்றர் வயருக்கு 10 சென்ரிமீற்றர் தூரத்தில்கூட இரண்டு வீதம்தான் பிழை. முடிவிலி என்றால் பத்து மடங்கு என்று வாசியுங்கள். இன்னொன்று: பிரித்தானியப் பாடநூல்களில் கிடைப்புலம் 20 அளவில் இருக்கும். அங்கே பூமியின் புலம் நிலத்துக்குள் செங்குத்தாகச் சாய்கிறது. நாங்கள் காந்த மத்தியகோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது அநேகமாகக் கிடையாகவே கிடக்கிறது. அவர்களின் எண்ணை அப்படியே போட்டால் 30 பாகை வரும் என்று காத்திருந்து ஏமாறுவீர்கள்.

கணிதத்தில் ஒரேயொரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். சீரான மின்னேற்றம் கொண்ட வளையத்தின் மையத்தில் மின்புலம் கேட்டால், ஆரைத் திசை அலகுக் காவியைத் தொகையீட்டுக்கு வெளியே எடுத்துவிடுவார்கள். அது ஒவ்வொரு கோணத்திலும் திரும்பும் காவி. மாறிலி இல்லை. வெளியே எடுத்தால் ஒரு பெரிய விடை வரும். உண்மையான விடை பூச்சியம், படம் கீறியிருந்தால் பேனை எடுக்காமலே தெரிந்திருக்கும். கேர்ள் விளங்காதவர்கள் வாய்க்காலின் கரையோரம் ஒரு தீக்குச்சியை மிதக்க விடுங்கள். தண்ணீர் நேராகத்தான் ஓடும், ஆனால் நடுவில் வேகம் கூட, கரையில் குறைவு. குச்சி திரும்பிக்கொண்டே போகும்.

இன்றிரவுக்கு ஒரு கணக்கு. நிலாவெளியில் ஒருவர் புளூடூத் மணிக்கூட்டோடு நீந்துகிறார், போன் கரையில். மணிக்கூடு நீருக்குக் கீழே 5 சென்ரிமீற்றர், மீடிறன் 2.4 கிகாஹேர்ட்ஸ். தண்ணீருக்குள் மட்டும் எத்தனை டெசிபெல் போகும்? 85க்குக் கிட்ட வந்தால் கடலை உலோகமாக்கிவிட்டீர்கள், விகிதத்துக்குத் திரும்பிப் போங்கள். 36 வந்தால் சரி, அடுத்ததாக நீர்ப்பரப்பில் தெறித்துத் திரும்புவதைக் கணக்கில் சேருங்கள்.