நார்தர்ன் லீக் ஒன்பதாம் படிநிலைக்கு வந்த விதம்

இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதிக் கால்பந்துத் தொடரான நார்தர்ன் லீக் 1889 முதலே அமெச்சூர் (சம்பளம் வாங்காத) அணிகளுக்கு மட்டுமானது என்றும், தரம் குறைவாக இருந்ததால்தான் அது அந்நாட்டுக் கால்பந்து லீக்குகளின் அடுக்கில் ஒன்பதாம் படிநிலையில் வைக்கப்பட்டது என்றும் ஒரு கருத்து இருக்கிறது. தொடங்கிய ஆண்டு சரி. மற்ற இரண்டும் தவறு.

தொடக்க ஆண்டுகளில் தொழில்முறை அணிகளும் அதில் ஆடின. 1906-க்குப் பிறகே அது முழுமையான அமெச்சூர் லீக் ஆனது. அதன் தரத்துக்குச் சான்று வேண்டுமென்றால், எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) நடத்திய அமெச்சூர் கோப்பையைப் பத்து முறை வென்று, 1955 முதல் 1957 வரை தொடர்ந்து மூன்று முறை கைப்பற்றிய இந்த லீக்கின் பிஷப் ஆக்லாந்து அணியே போதும். 1978-இல் இந்த லீக்கின் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் அணி, தொழில்முறை அணிகளும் ஆடும் எஃப்.ஏ. கோப்பையின் ஐந்தாம் சுற்றில் தொழில்முறை அணியான ரெக்ஸாமை அதன் மைதானத்திலேயே சந்தித்து, கடைசி நிமிடம் வரை முன்னிலையில் இருந்தது. மூலைக்கொடி சாய்ந்துவிட்டதால் நடுவர் ரெக்ஸாமின் கார்னரை மீண்டும் அடிக்கச் சொல்ல, அதிலிருந்துதான் சமன் கோல் விழுந்தது. மறு ஆட்டத்தில் பிளைத் 1–2 எனத் தோற்றது.

படிநிலை விஷயத்தில் நடந்தது வேறு. 1979-இல், தொழில்முறை ஃபுட்பால் லீக்குக்கு அடுத்த படியாக அலையன்ஸ் பிரீமியர் லீக் உருவாகி, மற்ற லீக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இணைந்தபோது, நார்தர்ன் லீக் சேர மறுத்து ஒதுங்கி நின்றது. (பிடிவாதம் என்றே சொல்வேன்.) 1991-இல் அது உள்ளே வருவதற்குள் மேல்படிகள் நிரம்பிவிட்டன. இன்று அதன் முதல் பிரிவு ஒன்பதாம் படியிலும் இரண்டாம் பிரிவு பத்தாம் படியிலும் இருக்கின்றன.