சவில் உயிரோடு இருந்தபோதே புகார் போனது

"பிரிட்டன் டிவி நட்சத்திரம் ஜிம்மி சவில் செத்தபிறகுதான் எல்லாரும் புகார் சொன்னார்கள், உண்மையென்றால் அப்போதே சொல்லியிருக்கலாமே" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. அது தவறு. அவர் பாலியல் அத்துமீறல் செய்தார் என்று அப்போதே சொன்னார்கள். அங்கே போலீஸைக் கண்காணிக்கும் ஆய்வு அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அவர் உயிரோடு இருந்தபோதே ஐந்து புகார்கள் போலீஸில் பதிவாகியிருந்தன. அதற்கும் முன்னால், 1963இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியைச் சேர்ந்த ஓர் ஆண் தன் ஊர்ப் போலீஸ்காரரிடம் போய்ச் சொன்னார். அதை மறந்துவிடு என்று அந்தப் போலீஸ்காரர் அனுப்பிவிட்டார். 2009இல் அங்கே சர்ரே பகுதிப் போலீஸ் சவிலையே விசாரித்தது, வழக்குதான் வரவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு நிதி திரட்டியவர், 1990இல் சர் பட்டம் வாங்கியவர், அவர்மேல் யார் கை வைப்பது? 2011இல் அவர் இறந்து, மறுவருடம் ஒரு டிவி நிகழ்ச்சி வந்தபிறகுதான் நூற்றுக்கணக்கானவர்கள் பேசினார்கள்.

சேலம் அம்மாபேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஒரு மேடைப் பாடகரைப் பற்றி வாய் திறந்தாள். "ஆடித் திருவிழாவுக்குக் காசே வாங்காமல் பாடுகிறவர், அவரையா சொல்கிறாய்?" என்று கேட்டது அவளுடைய சொந்தச் சித்தி. நானும் அன்று பேசாமல்தான் நின்றேன், இன்றும் உறுத்துகிறது. தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள் அண்ணா.